இனப்பற்றும் இனவெறியும்

அடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து நின்றது. எழுபது வளைவுகளையும் ஏறிக் கொல்லிமலைக்கு வரவேண்டிய பேருந்து. எழுபது அகவை கடந்த பெரியவர் ஒருவர் தோளில் மூட்டையோடு ஏறினார். "ஏய், உள்ளே போ! மூட்டையைக் காலடியில் வை!" என்று அதட்டினார் நடத்துநர். அவருக்கு அகவை முப்பதுக்கு மேல் இராது. பெரியவருக்குப் பின்னால் நான் ஏறினேன். "வாங்க ஐயா, இப்படி உட்காருங்க" என்று எனக்கு இருக்கை காட்டினார் அதே நடத்துநர்.

அவர் தீயவர் என்று எண்ணிவிட வேண்டா. வளைவுகளில் தலைசுற்றி வாடிய ஒரு பெண் குழந்தைக்குத் தம் தண்ணீரைக் கொடுத்து, காற்றுப் படும் இடத்தில் அமர்த்தியவரும் அவரே. நடத்துநர் தமிழர்; பெரியவர் தமிழர்; நானும் தமிழன். நிறத்தாலும் மூவர்க்கும் பெரிய வேற்றுமை இல்லை. பெரியவர் மலையில் பிறந்தவர். அவர் உடையும் பேச்சின் இழுப்பும் அதனைக் காட்டிக் கொடுத்தன. அவ்வளவே வேற்றுமை.

நான் இலக்கணம் கற்பித்து வயிறு வளர்ப்பவன். முன்னிலை ஒருமைக்கு எந்த ஈறு, பன்மைக்கு எந்த ஈறு, உயர்வு கருதி ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கு எத்தகையது என்றெல்லாம் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகளாக எழுதிக் காட்டியிருக்கின்றேன். அந்த ஈறுகளை ஊரார் யார்க்கு எப்படிப் பங்கிடுகின்றனர் என்பதை அன்றுதான் கூர்ந்து கேட்டேன். ஓர் இனத்தை இழிவாக எண்ணும் எண்ணம் படுகொலையிற் போய் முடியலாம்; ஆனால் அது முளைவிடும் இடம் வினைச்சொல்லின் ஈறு. 'போ' என்பதற்கும் 'போங்க' என்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு வெளியில்தான் ஒரு மாந்தனின் மதிப்பு முழுதும் அடங்கிக் கிடக்கின்றது.

இதனினும் பெரிய குற்றம் ஒன்று அன்று நிகழ்ந்தது. அதனைச் செய்தவன் நான். கேட்டும் வாய் திறவாமல், காட்டப்பட்ட இருக்கையில் அமர்ந்து வந்தேன். தேவனூர் நாட்டில் இறங்கும் வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்கு அவ்வாயடைப்பே கரணியம்.

இம்மலையின் மக்கள் யாவர்? அரசுப் பட்டியலில் அவர்கள் பெயர் 'மலையாளி'. இப்பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று மயங்குவோர் இன்றும் உளர். மலையை ஆள்பவர் என்னும் பொருளுடைய நல்ல தமிழ்ப்பெயர் அது. பேசும் மொழி தமிழ். காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து மலைகளிற் குடியேறினர் என்பது அவர்கள் தம் தோற்றத்தைப் பற்றிச் சொல்லிவரும் கதை. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் தொகையால் மிக்கவர் இம்மலையாளிகளே.

தேவனூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று இம்மலை இன்றும் நாடுகளாகவே வழங்குகின்றது. சோழர் கல்வெட்டுகளில் நாம் தேடிப் படிக்கும் 'நாடு' என்னும் பழந்தமிழ் நிலப்பிரிவு, கீழே நம் ஊர்களில் பெயரளவிலும் அருகிப் போயிருக்க, இங்கு மக்கள் வாயில் உயிரோடு உலவுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. ஆடித் திங்கள்தோறும் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. கீழ்நாட்டிலிருந்து நாமும் ஏறி வந்து ஓரியின் சிலைக்கு மாலை சூட்டுகின்றோம். மாலை சூட்டிய கை, இறங்கும்போது ஓரியின் குடிமக்களைச் சுட்டிக் காட்டுகின்றது. மாலைக்கு முன் புகழ்பாடிய வாய், 'காட்டான்' என்கின்றது.

இவ்விழிவெண்ணத்திற்கு அறிவியல் முலாம் பூச முயன்ற காலமும் ஒன்றுண்டு. வெள்ளையர் ஆட்சியில் இரிசிலி என்பவர் மூக்கின் அகலத்தை அளந்து, அதற்கும் குலத்தின் உயர்வு தாழ்வுக்கும் தொடர்புண்டு என்றார். 1901-ஆம் ஆண்டின் இந்தியக் குடிமதிப்புக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்சுடன், தென்னாட்டுக் குடிகளின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, 1909-இல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். சேலம் மாவட்ட மலையாளிகளும் அந்த அளவுகோலுக்குத் தப்பவில்லை. 1871-இல் வடக்கே இயற்றப்பட்டு 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் நீட்டப்பட்ட குற்றப் பழங்குடிச் சட்டமோ, பிறந்த குழந்தையையே குற்றவாளியாக்கிற்று. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் சுட்டு வீழ்த்தப்பட்டனர்.

அளவுகோல் இன்று அருங்காட்சியகப் பெட்டிக்குள் போய்விட்டது. பிறப்பியல் அறிவியல் அதன் கணக்கைப் பொய்யாக்கி நெடுங்காலம் ஆகின்றது. மாந்தரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்திற்குள்ளேயே அமைந்திருக்கின்றது என்பதை இலெவோன்டின் என்னும் அறிஞர் 1972-இல் காட்டினார். என் தெருவில் வாழும் இருவர்க்கிடையே உள்ள வேறுபாடே அத்துணைப் பெரிது. கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே எஞ்சுவது சிறிது. இருந்தும் இனவெறி ஒழியவில்லை. ஏன்? அது அறிவியலிலிருந்து பிறந்ததாயின் அறிவியலால் மாண்டிருக்கும். ஒருவன் உழைப்பையும் நிலத்தையும் மலிவாகக் கொள்ள விரும்புவோன், முதலில் அவன் மதிப்பை மலிவாக்குகின்றான். மூக்களவு அதற்குப் பின்னர்த் தேடிக்கொண்ட சான்று.

தென்னாப்பிரிக்க வெள்ளையர் 1950-இல் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் இயற்றினர். ஐயம் எழுந்தபோது தலைமயிரில் கரிக்கோலைச் செருகிப் பார்த்தனர். நழுவி விழுந்தால் ஓரினம், சிக்கி நின்றால் வேறினம். கேட்டால் நகைப்பு வரும். ஆனால் நம் நாட்டிலோ ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேலத்து மலையாளி இருக்கின்றான். தருமபுரி மலையாளி இருக்கின்றான். பட்டியலில் எழுதப்பட்ட மாவட்டங்களின் பெயர்க்குள் ஈரோடு அடங்காததே கரணியம். பெயர் ஒன்று, மொழி ஒன்று, மரபு ஒன்று. தாளில் இழுத்த கோடு அவர்களை இரண்டாக்கி விட்டது. சேர்க்கும்படி அம்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். இங்கு எவர் நெஞ்சிலும் வெறுப்பு இல்லாமல் இருக்கலாம். வெறுப்பே இல்லாமலும் ஓர் இனத்திற்குத் தீங்கு தொடர்ந்து நடைபெற முடியும் என்பதற்கு இதுவே போதிய சான்று. "நான் எவரையும் வெறுக்கவில்லை, ஆகவே நான் இனவெறியன் அல்லன்" என்னும் வாய்ப்பாடு எவ்வளவு மெலிந்தது என்று இப்பொழுது விளங்கும்.

என் நெஞ்சையே முதலில் உரைத்துப் பார்க்கின்றேன். இம்மலைக்கு வந்த புதிதில், உடன் பணியாற்றுவோரிடம், "மலைப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று நானும் சொல்லியிருக்கின்றேன். வெறுப்பால் சொல்லவில்லை; இரக்கத்தால் சொன்னதாகவே எண்ணிக் கொண்டேன். ஒருநாள் வகுப்பில் குறிஞ்சித் திணையை விளக்கும்போது, தினைப்புனம், கிளி கடிதல் என்று மளமளவெனச் சொல்லிக்கொண்டு போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எந்தத் தினைங்க ஐயா?" என்றாள். செந்தினையா, பெருந்தினையா, மூக்கான் தினையா என்று அவள் அடுக்கினாள். சாமையிலும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று வேறு பிள்ளைகள் தொடர்ந்தனர். எது எந்நிலத்தில் விளையும், எதற்கு எத்தனை திங்கள் ஆகும் என்பதெல்லாம் அவர்கட்குத் தெரிந்திருந்தது. கழக நூல்களில் தினையைப் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு, ஒரு தினைக்கதிரை இன்ன தினை என்று பிரித்தறியத் தெரியவில்லை. படிப்பு ஏறாதவன் யார் என்பது அன்று வகுப்பறையில் வெளியாயிற்று. எத்தனை பிள்ளைகள் என் அந்த ஒரு சொல்லால் ஊக்கம் இழந்து பள்ளியை விட்டு நின்றார்களோ, அறியேன். அக்கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தமிழ் நெஞ்சங்களே! இனிச் சொல்லப்போவது நம் இயக்கத்தார்க்குக் கசக்கும். எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இனவெறியின் கொடுமையைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றனர். 1964-இல் சிறிமாவும் சாத்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு, 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்க்கலாம் என்று, கொட்டில் மாடுகளைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டது. 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இவற்றையெல்லாம் இனவெறி என்று உலகறியக் கூறினோம். கூறியது சரி, இன்னும் கூறுவோம்.

ஆனால் 1992 சூன் 20-ஆம் நாள் நிகழ்ந்ததை என்ன பெயரிட்டு அழைப்பது? தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்றோர் ஊர். அங்கு வாழ்வோர் கொல்லிமலையார்க்கு உறவான மலையாளிப் பழங்குடியினர். கடத்தப்பட்ட சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறையார், காவல்துறையார், வருவாய்த்துறையார் கூட்டமாய்ப் புகுந்தனர். ஊர்மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தனர். பெண்கள் பதினெண்மர் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் கெடுக்கப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். அத்துணைப் பேரும் அரசு ஊழியர்.

2011 செப்தம்பர் 29-ஆம் நாள் தருமபுரி முறைமன்றம் அனைவரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்து போயினர். எஞ்சிய 215 பேர் ஒறுப்புப் பெற்றனர். சென்னை உயர்முறைமன்றம் 2023 செப்தம்பர் 29-ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்து, கொடுமைக்குள்ளான பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10,00,000 உருவா வழங்க ஆணையிட்டது. கொடுமை நிகழ்ந்த நாளுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். அன்று பதின்மூன்று அகவைச் சிறுமியாய் இருந்தவள் நாற்பத்து நான்கு அகவையினளாய் நின்று கேட்ட தீர்ப்பு அது.

அடித்தவரிடம் வேற்றுமொழி இல்லை. தமிழிலேயே திட்டி, தமிழிலேயே அச்சுறுத்தி அடித்தனர். அடிபட்டவரும் தமிழிலேயே கதறினர். ஆட்சியிலிருந்தோரும் தமிழர், அவ்வாறு ஒன்றும் நடைபெறவே இல்லை என்று முதலில் மறுத்தோரும் தமிழரே. கொழும்பில் காடையர் செய்தது இனவெறி என்றால், வாச்சாத்தியில் நடந்தது என்ன? 'அத்துமீறல்' என்று மென்மையாகச் சொல்லி நகர்ந்துவிடலாமா? நம் ஊர்ப் பெண்களை, நம் குலத்துப் பெண்களை, எந்த வனக்காவலனாவது பட்டப்பகலில் அவ்வாறு இழுத்துச் செல்லத் துணிந்திருப்பானா? மலைமக்கள் என்பதனால்தான் துணிந்தான். கேட்பார் இல்லை என்னும் துணிவு அது. அத்துணிவுக்குப் பெயர் இனவெறி.

அவ்வழக்கை முதற்கண் கையிலெடுத்து ஊர் ஊராய் அலைந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியாருமே. தமிழினத்திற்காகவே மூச்சு விடுவதாகச் சொல்லும் நாம் அந்த 31 ஆண்டுகளில் எத்தனை பக்கம் எழுதினோம், எத்தனை முறை அவ்வூருக்குச் சென்றோம் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்போம். 2020 மே திங்களில் அமெரிக்கக் காவலன் ஒருவன் முழங்காலால் கழுத்தை நெரித்துச் சியார்ச்சு பிளாய்டு என்னும் கறுப்பரைக் கொன்றபோது, நம் இளைஞர் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பு உண்மையானதே. ஆனால் அமெரிக்காவின் இனவெறியைக் கண்டிக்க நாம் எதனையும் இழக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்து இனவெறியைக் கண்டித்தால் அலுவலகத்தில், உறவில், தெருவில் சிலவற்றை இழக்க நேரும். தொலைவிலுள்ள தீயை வைவது எளிது. தன் கூரைத் தீயை அணைக்கத்தான் கை சுடும்.

இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தோரை நாம் என்ன பெயரிட்டு அழைத்தோம்? 'சிலோன்காரன்' என்றோம். அங்கே 'இந்தியத் தமிழன்', இங்கே 'சிலோன்காரன்'. சிங்களவன் அவர்களிடம் பிடுங்கிய நாட்டை நாமும் திருப்பித் தரவில்லை.

"இவையெல்லாம் நம் வீட்டுக் குற்றங்கள், பகைவர் சூழ்ந்திருக்கும்போது இவற்றை வெளியிற் பேசலாமா?" என்று அன்பர் சிலர் கேட்பர். இக்கேள்விக்கு வரலாறு நல்ல விடை வைத்திருக்கின்றது. 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்க்கு இழைக்கப்படும் கொடுமையை இந்தியா உலக நாடுகளின் மன்றத்திற்குக் கொண்டு சென்றது. "இஃது எங்கள் உள்நாட்டுச் செய்தி, பிறர் தலையிடலாகாது" என்றது தென்னாப்பிரிக்க அரசு. அவ்விடையை இந்தியா ஏற்கவில்லை. பின்னர் 1965-இல் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானபோது, நிறம், இனம் ஆகியவற்றோடு 'பிறப்புவழி' என்னும் சொல்லையும் சேர்க்கச் செய்தது இந்தியாவே. அதே இந்தியா, 2001-இல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில் உலக மாநாடு கூடியபோது, சாதிக்கொடுமையை அங்கே பேசலாகாது, சாதி இனமன்று, அஃது உள்நாட்டுச் செய்தி என்று வழக்காடியது. 1946-இல் எவன் விடையைத் தள்ளிற்றோ அவன் விடையையே 55 ஆண்டுகளில் தன் விடையாக்கிக் கொண்டது. இலங்கையரசும் நம்மை நோக்கி அதே விடையைத்தான் சொல்லி வருகின்றது. அவ்விடையை வாச்சாத்திக்கும் வெண்மணிக்கும் நாமும் சொல்வோமாயின், தமிழீழத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி எஞ்சும்? 1968 திசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணிக் குடிசையில் வெந்து மாண்ட 44 பேரும் தமிழர் அல்லரா?

இங்கு நம் இயக்கத்தின் அடிப்படையையே தொடும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தனித்தமிழ் என்றால் தனிக்குருதி என்று பொருள் கொள்வோர் நம்மிடையேயும் தலைகாட்டுகின்றனர். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கி வைத்தது மொழியைத் தூய்மை செய்யும் இயக்கம். சொல்லைப் புடைத்துப் பதரை நீக்கலாம். மாந்தரைப் புடைக்க எவர்க்கும் முறம் தரப்படவில்லை. மொழி, கற்போர் அனைவர்க்கும் உரிமையுடையது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றுத் தமிழுக்கு அகரமுதலி தந்தார். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தார். கனடாவில் பிறந்த போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். இவர்கள் குருதியை ஆய்ந்தா தமிழ் இவர்களை ஏற்றுக்கொண்டது?

மொழிப்பெயரைக் குருதிப்பெயராக்கிய பிழை உலகில் முன்பே ஒருமுறை நேர்ந்தது. 'ஆரியம்' என்பது மொழிக்குடும்பத்தின் பெயரே, அதனைக் குருதிக்கும் மண்டையோட்டுக்கும் பெயராக்குவது அறிவுக்கு ஒவ்வாது என்று மாக்சுமுல்லர் 1888-இலேயே எச்சரித்தார். செருமனியில் அவ்வெச்சரிக்கை காற்றிற் போயிற்று. 1935-இல் நூரம்பர்க்குச் சட்டங்கள் வந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் அறுபது இலக்கம் யூதர் கொல்லப்பட்டனர். ஆரியத்தின் பிறப்புவழி உயர்வுக் கொள்கையை எதிர்த்து எழுந்த இயக்கம் நம்முடையது. அக்கொள்கையையே தமிழ்ச்சட்டை அணிவித்து நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்துவோமாயின், நாம் எதிர்த்தது பார்ப்பனியத்தை என்பது பொய்யாகிவிடும். அவ்விருக்கை நமக்குக் கிடைக்கவில்லையே என்னும் ஏக்கம் மட்டுமே மெய்யாக எஞ்சும்.

எனவே இனப்பற்றும் இனவெறியும் வேறு வேறு. என் இனம் எவர்க்கும் கீழ்ப்படக் கூடாது என்பது இனப்பற்று. எவரேனும் எனக்குக் கீழிருக்க வேண்டும் என்பது இனவெறி. முன்னதைப் பேசிக்கொண்டே பின்னதை நெஞ்சில் வளர்ப்பது இயலும்; அதுதான் இடர். இரண்டையும் பிரித்தறியும் உரைகல், தனக்கு வலிமை குன்றியவனிடத்து ஒருவன் நடந்துகொள்ளும் முறையே. தில்லிக்கு முன் நிமிர்ந்து நிற்கும் தமிழன், தேவனூர் நாட்டு மலைமகனுக்கு முன் எவ்வாறு நிற்கின்றான் என்று பாருங்கள். அவன் பற்றாளனா, வெறியனா என்பது தெரிந்துவிடும். மலைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. அங்கும் ஒருவர்க்குக் கீழ் ஒருவர் என்னும் எண்ணம் நுழைந்திருக்கின்றது. உரைகல் அவர்கட்கும் பொதுவே. ஆனால் மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கணக்குக் கேட்பதுதான் முறை.

இனவெறியை எதிர்ப்பவன் யார்? கண்டன அறிக்கையில் கையெழுத்திடுவோன் மட்டும் அல்லன். 'எனக்கு எல்லாரும் ஒன்றே' என்று சொல்லி ஒதுங்கியிருப்போனும் அல்லன். அன்று பேருந்தில் நானும் அவ்வாறு எண்ணிக்கொண்டுதான் அமர்ந்திருந்தேன். தன் கைக்கெட்டும் தொலைவில் நடக்கும் தாழ்வை, தனக்கு இழப்பு நேர்ந்தாலும் தடுப்பவனே எதிர்ப்பாளன்.

கைக்கெட்டும் தொலைவில் உள்ளவை எவை? 'காட்டான்' என்பதை வசைச்சொல்லாக வழங்குவதை நம் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் இன்றே நீக்கலாம். வடசொல்லை நீக்கத் தெரிந்த நமக்கு இது அரிதன்று. ஆசிரியராய் இருப்போர் மலைப்பிள்ளைகளின் தினையையும் சாமையையும் வகுப்பறைக்குள் கொண்டு வரலாம். காட்டில் வாழ்வோர்க்கு அவர்கள் உழுதுவரும் நிலத்தில் 4 எக்டேர் வரை உரிமை வழங்க 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இடந்தருகின்றது. அவ்வுரிமைத் தாளுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலுவலகப் படியேறும் மலைமக்களோடு, எழுதப் படிக்கத் தெரிந்த நம் தோழர் ஒருவர் உடன் சென்று அமரலாம். நம் இயக்கப் பொறுப்புகளில் மலைமக்கள் எத்தனை பேர், ஒடுக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். மேடையில் ஓரியைப் பாடுவதினும் இவை கடினமானவை. கடினமானவை என்பதனாலேயே உண்மையானவை.

சென்ற திங்கள் மீண்டும் அதே பேருந்து. வேறொரு முதியவர், அதே அதட்டல். இம்முறை எழுந்து, "தம்பி, அவர் என்னினும் மூத்தவர். எனக்குச் சொல்லும் 'வாங்க' அவருக்கும் உரியது" என்றேன். நடத்துநர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டார். பயணிகள் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தனர். அப்பெரியவரோ கைகூப்பி, "விடுங்க சாமி, எங்களுக்கு இது பழகினதுதான்" என்றார்.

'சாமி' என்னும் அச்சொல் அதட்டலினும் மிகுதியாக என்னைச் சுட்டது. எனக்கு இருக்கை காட்டுவதும் அவரை அதட்டுவதும் ஒரே ஏணியின் இரண்டு படிகள். அவ்வேணியில் நானும் நிற்கின்றேன் என்பதை அவர் வாய்ச்சொல்லே எனக்கு உணர்த்திற்று. அவர் பக்கத்தில் சென்று அமர்ந்தேன். மலை ஏறும் வரை சாமை விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். இறங்கும்போதும் அவர் என்னைச் 'சாமி' என்றே அழைத்தார்.

ஒருநாட் பேச்சில் மாறக்கூடிய பழக்கம் இல்லை அது. ஆயினும் அவர் பேரன் என் வகுப்பில் அமர்ந்து என்னை 'ஐயா' என்று அழைக்கும்போது, அவன் குரலில் பணிவு இருக்கட்டும், அச்சம் இருக்கலாகாது. தமிழினத்தின் விடுதலையை நாம் எந்த நாளில் எய்தினாலும், இம்மலையின் கடைக்கோடிக் குடிசையில் வாழும் தமிழனை 'வாங்க' என்று அழைக்கக் கற்காத வரை, எய்தியது விடுதலை ஆகாது. ஆண்டைகள் மாறிய செய்தியாகவே முடியும். தமிழன் தமிழனுக்கு நிகர் என்பதை இம்மலையடியிலிருந்தே தொடங்குவோம்!